வர்க்கமூலமும் நாற்பதாம் நம்பர் நூலும்

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் √50 என்று விடை வந்தால் அதோடு நிறுத்தக் கூடாது. 5√2 என்று எழுதினால்தான் முழு மதிப்பெண். 1/√2 என்று வந்தாலும் ஓய முடியாது. மேலேயும் கீழேயும் √2-ஆல் பெருக்கி √2/2 ஆக்க வேண்டும். "சுருக்குக" என்ற ஒரே கட்டளையின் கீழ் மாணவர் செய்யும் இந்த வேலைகளுக்குக் காரணம் கேட்டால், அதுதான் எளிய வடிவம் என்று பதில் வரும். யாருக்கு எளிது என்று அடுத்த கேள்வியைக் கேட்பவர் குறைவு. √50 என்பதில் மூன்று குறிகள், 5√2 என்பதிலும் மூன்று குறிகள்; 1/√2-வும் √2/2-வும் ஒரே எண். பிறகு எளிமை எங்கிருந்து வந்தது? கணக்குப் போட்டவரின் கையில் அந்தந்தக் காலத்தில் இருந்த கருவியிலிருந்து வந்தது என்பதே இங்கே நான் நிறுவ முயல்வது. கருவி மாறியபோதெல்லாம் எளிய வடிவமும் மாறியிருக்கிறது. சில சமயம் நேர் எதிர்த் திசையிலும் போயிருக்கிறது. இதைக் காட்டக் கிரேக்கத்துக்கும் ஐரோப்பாவுக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் பெரும்பாலும் போதும். ஒன்று கோயிலும் தறியும் வளர்த்த ஊர், மற்றது பஞ்சாலை வளர்த்த ஊர். இரண்டிலும் வர்க்கமூலம் தினப்படி வேலையாக இருந்திருக்கிறது, அந்தப் பெயரில் யாரும் அழைக்காவிட்டாலும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம்தான் கண்ணில் நிற்கும். நமக்கு வேண்டியது உயரத்தில் இல்லை, தூணில் இருக்கிறது. தென்னாட்டுக் கோயில் தூண்களில் அடியில் சதுரம், அதற்கு மேல் எண்பட்டை, மறுபடியும் சதுரம் என்று மாறி மாறி வருவது பொதுவான அமைப்பு. சதுரக் கல்லை எட்டுப் பட்டையாக்க நான்கு மூலைகளையும் சீவ வேண்டும். எவ்வளவு சீவுவது? கல்லின் பக்கம் ஒரு முழம் என்றால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபுறமும் 1 − 1/√2 முழம், அதாவது 0.2929 முழத்தை ஒட்டி. இந்த அளவுக்கு எந்தக் கோலிலும் கோடு கிடையாது. கயிற்றுக்கு இது சிரமமே இல்லை. கல்லின் முகத்தில் மூலைக்கு மூலை கயிற்றை இழுத்துப் பிடித்துப் பாதியாக மடித்து, அந்தப் பாதியை ஒரு மூலையில் ஊன்றி இரு பக்க விளிம்புகளிலும் குறி வைத்தால் இரண்டு குறிகள். நான்கு மூலைக்கும் எட்டுக் குறிகள். அடுத்தடுத்த குறிகளை இணைத்தால் கிடைப்பது தோராயமான எண்கோணம் அன்று, மிகச் சரியான எண்கோணம். அதன் ஒவ்வொரு பக்கமும் √2 − 1 முழம். இதில் ஓர் எண்கூட வாயால் சொல்லப்படவில்லை. கயிறு கையில் இருக்கும்வரை √2-ஐச் சுருக்கவும் வேண்டாம், மதிப்புக் காணவும் வேண்டாம்; மூலைவிட்டமே அந்த எண். வேள்விக் களம் அமைக்கக் கயிறு பிடித்தவர்களின் கையேடான போதாயன சுல்ப சூத்திரமும் இருமடங்குப் பரப்புள்ள சதுரத்தை மூலைவிட்டத்தைக் கொண்டே அமைக்கிறது. எண்ணாகச் சொல்ல நேரும் இடத்தில் மட்டும் 1 + 1/3 + 1/12 − 1/408 என்று ஒரு பின்ன வரிசையைத் தருகிறது. கூட்டினால் 577/408, ஐந்து தசம இடம்வரை பிழை இல்லை.

கயிறு இழுக்க முடியாத இடம் ஒன்று உண்டு. கூரை இன்னும் எழும்பவில்லை, ஆனால் சாய்வுக்கட்டைக்கு மரம் வாங்கியாக வேண்டும். அப்போது அளவை முன்கூட்டியே வாயால் சொல்ல வேண்டும். இதற்கென்று ஒரு விதி தமிழில் வழங்குகிறது. போதையனார் பெயரில் இன்று பரவலாகச் சுற்றிவருவது அது. செங்கோண முக்கோணத்தில் நீண்ட பக்கத்தை எட்டாகப் பகுத்து ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு குறுகிய பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்கிறது. வர்க்கமும் வேண்டாம், மூலமும் வேண்டாம். 4-க்கும் 3-க்கும் போட்டுப் பார்த்தால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. 12-க்கும் 5-க்கும் போட்டால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. இந்த இரண்டையும் காட்டி, பிதாகரஸ் தேற்றத்தைத் தமிழன் மூலக்குறியே இல்லாமல் வென்றுவிட்டான் என்று முழங்குபவர்கள் மூன்றாவது கணக்கைப் போடுவதில்லை. பக்கங்கள் எட்டும் எட்டும் என்றால் விதி 11 என்கிறது, உண்மை 11.31. எட்டும் ஒன்றும் என்றால் ஏழரை என்கிறது. கர்ணம் நீண்ட பக்கத்தைவிடக் குட்டை! தேற்றம் என்று இதைச் சொல்வது தேற்றத்துக்கும் அவமானம், விதிக்கும் அவமானம்.

ஆனால் இதைப் பிழை என்று ஒதுக்குபவர்களும் அவசரப்படுகிறார்கள். இந்த விதி எந்தெந்த முக்கோணங்களில் துல்லியம் என்று இருபடிச் சமன்பாடு போட்டுக் கண்டுபிடிக்கலாம். பக்கங்களின் விகிதம் முக்கால் ஆகும்போதும், பன்னிரண்டில் ஐந்து ஆகும்போதும் மட்டுமே துல்லியம், வேறெங்கும் இல்லை. அதாவது 3-4-5, 5-12-13 என்ற இரண்டு முக்கோணங்கள்தான். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட விகிதங்களில் பிழை நூற்றில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் போகும். அந்தக் கோட்டின் எண்கள்தாம் எட்டில் ஏழும் இரண்டில் ஒன்றும். இது தற்செயலாக அமையும் பொருத்தம் அன்று. முழு எண் முக்கோணங்கள் இரண்டை அறிந்த ஒருவர், வீட்டுக் கூரையின் சரிவு பெரும்பாலும் அவற்றுக்கு இடையில்தான் விழும் என்றும் அறிந்து, வேண்டுமென்றே இழைத்த விதி இது என்றே நான் வாசிக்கிறேன். இழைத்ததிலும் கருவி தெரிகிறது. எட்டில் ஒன்று தமிழ்க் கணக்கில் அரைக்கால். கயிற்றையோ ஓலையையோ மூன்று முறை மடித்தால் வந்துவிடும். காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களையும் எண்சுவடியையும் மனப்பாடம் செய்த திண்ணைப் பள்ளிப் பையனுக்கு அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதிப் பாதியாக இறங்குவது மூச்சு விடுவதைப் போல. அவனுக்கு எளிய வடிவம் என்பது பாதியாக்கிக்கொண்டே போய் எட்டக்கூடிய வடிவம்.

இனி எண்ணிலேயே வாழ்ந்தவர்களிடம் வருவோம். இரண்டாம் பாஸ்கரர் 1150-ல் எழுதிய பீஜகணிதத்தில் கரணிகளுக்கு, அதாவது மூலக்குறிக்குள் நிற்கும் எண்களுக்கு, என்றே ஒரு பகுதி இருக்கிறது. 2, 8 என்ற இரு கரணிகளைக் கூட்டு என்று கணக்குக் கொடுக்கிறார். இன்றைய மாணவர் √8-ஐ 2√2 ஆக்கி, √2-வோடு சேர்த்து, 3√2 என்பார். பாஸ்கரர் வேறு வழி போகிறார். இரண்டையும் கூட்டினால் 10. பெருக்கினால் 16, அதன் மூலம் 4, இருமடங்கு 8. பத்தும் எட்டும் 18. ஆகவே விடை கரணி 18. பத்திலிருந்து எட்டைக் கழித்தால் 2. வித்தியாசம் கரணி 2. பெருக்கலில் சரியான மூலம் கிடைக்காத 3, 7 போன்ற கரணிகளைச் சேர்க்க முடியாது, தனித்தனியே நிற்கட்டும் என்கிறார். சாதாரண எண் நடுவில் வந்தால் அதையும் வர்க்கமாக்கிக் கரணிக்குள் தள்ளிவிடுகிறார். நாம் முழு எண்ணைக் குறிக்கு வெளியே இழுக்கிறோம். அவர் உள்ளே அடைக்கிறார். அவருக்கு √18 எளிது, நமக்கு 3√2 எளிது. இதில் யாரும் தவறவில்லை. இறுதியில் ஒரு நீளம் வேண்டும் என்றால் பாஸ்கரர் ஒரே ஒரு முறை மூலம் எடுத்தால் போதும். ஆரியபட்டர் காலத்திலிருந்து, அதாவது 499-லிருந்து, இலக்கம் இலக்கமாக மூலம் எடுக்கும் முறை இங்கே கைவசம் இருந்தது. உழைப்பு மிகுந்த அந்த வேலையை ஒரு தடவையோடு முடிக்கும் வடிவமே அவர் கண்ணில் சுருங்கிய வடிவம். பத்தோடு கரணி 24, 40, 60 மூன்றையும் கூட்டி வந்ததற்கு மூலம் எடு என்று அவர் கேட்கும் கணக்கின் விடை √2 + √3 + √5. கரணியைக் கரணியாகவே ஆளும் கலை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

வெளியே இழுக்கும் நம் வழக்கம் பிற்காலத்தது. அதற்கும் கருவி உண்டு. அச்சிட்ட அட்டவணையும் மனப்பாடமும்தான் அது. 1885-ல் வந்த ஹால் - நைட் இயற்கணிதமும், பிறகு தேர்வுக் கூடம்வரை போன கிளார்க் அட்டவணையும் நம் பள்ளிகளுக்கு வந்தபோது, ஒவ்வொரு மூலத்தையும் கையால் எடுக்கும் தேவை போய்விட்டது. √2 = 1.414, √3 = 1.732, √5 = 2.236 என்ற மூன்றும் மனத்தில் இருந்தால் √12, √18, √20, √27, √45, √48, √50, √75, √80 எல்லாம் வாய்க்கணக்காகிவிடும். வர்க்கக் காரணியை வெளியே எடு என்ற விதியின் பிறப்பு இங்கேதான். பகுதியை விகிதப்படுத்துதலும் இதன் தம்பிதான். 1/√2-ஐ மதிப்பிட 1-ஐ 1.4142-ஆல் நீள்வகுத்தல் செய்து பாருங்கள், பிறகு 1.4142-ஐப் பாதியாக்கிப் பாருங்கள். முதலாவது ஐந்து நிமிட வேலை, இரண்டாவது ஒரு நொடி. விதிக்கு இருந்த முழு நியாயமும் அந்த ஐந்து நிமிடத்தில் அடங்கியிருந்தது.

ராஜபாளையத்துக்கு வருவோம். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1939-ல் மருத்துவப் பஞ்சுக்காக ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. பஞ்சாலையோடு ஊருக்குள் நுழைந்த அளவைகளில் முக்கியமானது கவுன்ட். ஒரு பவுண்டு நூலில், 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதுதான் நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். எடை மாறாமல் நீளம் நான்கு மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கில் ஒன்றாகும். விட்டமோ பாதிதான் ஆகும். எனவே நூலின் விட்டம் நம்பரின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். நூலுக்கு வலு கொடுப்பது முறுக்கு. இழைகள் சாயும் கோணம் மாறாமல் இருக்க வேண்டும் என்றால், விட்டம் பாதியாகும்போது அங்குலத்துக்கு விழும் முறுக்கு இரட்டிப்பாக வேண்டும். ஆக முறுக்கு, நம்பரின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். பாவு நூலுக்குப் பெருக்கெண் 4 என்று வைத்தால் நாற்பதாம் நம்பருக்கு அங்குலத்துக்கு 4√40, அதாவது 25.3 முறுக்கு. ஊடை நூலுக்குப் பெருக்கெண் இதைவிடக் குறைவு. ஸ்பின்னிங் ஃபிரேமில் கதிர் ஒவ்வொன்றும் சுற்றும்போது இந்த மூலக்குறிதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம்பரை மாற்றும் நாளில் இது வெளியே தெரியும். முறுக்கைத் தீர்மானிக்கும் பல்சக்கரத்தைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். பல் குறைந்தால் முறுக்கு கூடும் அமைப்பு என்று கொள்வோம். 36 பல் சக்கரத்தில் நாற்பதாம் நம்பர் ஓடுகிறது. தொண்ணூறாம் நம்பருக்கு எந்தச் சக்கரம்? பழைய நூற்புக் கணக்குப் புத்தகங்களின் விதி இது: இருக்கிற சக்கரத்தை வர்க்கமாக்கு, இருக்கிற நம்பரால் பெருக்கு, வேண்டிய நம்பரால் வகு, கடைசியில் மூலம் எடு. 36-இன் வர்க்கம் 1296, நாற்பதால் பெருக்கித் தொண்ணூறால் வகுத்தால் 576, மூலம் 24. சக்கரத்தின் பல்லைக்கூட வர்க்கமாக்கி மூலக்குறிக்குள் அனுப்பும் இந்த வழி அச்சு அசலாக பாஸ்கரரின் வழி. மான்செஸ்டர் நூற்பாளர்கள் பீஜகணிதம் படித்ததால் வந்ததில்லை. மூலம் எடுப்பது ஒரே தடவையாக இருக்க வேண்டும் என்ற அதே நெருக்கடியால் வந்தது. பள்ளி இயற்கணிதம் படித்தவர் இதையே வேறு விதமாகப் பார்ப்பார். √40 என்பது 2√10, √90 என்பது 3√10. இரண்டும் √10-இன் குடும்பம். விகிதம் மூன்றில் இரண்டு. 36-இல் மூன்றில் இரண்டு 24. காகிதமே வேண்டாம். ஆனால் நாற்பதிலிருந்து அறுபதுக்குப் போகச் சொன்னால் குடும்பம் ஒத்துவராது. √(2/3)-ஐ √6/3 என்று விகிதப்படுத்தினாலும் 29.39 பல் என்றுதான் வரும். சக்கரத்துக்குப் பின்னப் பல் கிடையாது. 29-ஐ மாட்டிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். மூலத்தைப் பத்து இலக்கத்துக்குக் காண்பதில் அங்கே பயன் ஏதும் இல்லை.

மில்லின் கணக்கு தறிக்கும் தொடர்கிறது. எஃப். டி. பியர்ஸ் 1937-ல் துணியின் வடிவியல் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, நெசவின் நெருக்கத்தை அளக்க அங்குலத்துக்கான இழைகளை நம்பரின் வர்க்கமூலத்தால் வகுப்பது நெசவுத் தொழில்நுட்பத்தில் நிலைபெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறியிலும் சரி, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியிலும் சரி, அச்சைத் தேர்ந்தெடுப்பவர் இந்த வகுத்தலுக்குக் கட்டுப்பட்டவர். இருபதாம் நம்பரில் அங்குலத்துக்கு 40 இழை விட்டு நெய்த அதே நெருக்கம் எண்பதாம் நம்பரில் வேண்டுமென்றால் 80 இழை வேண்டும், 160 அன்று. √20 = 2√5, √80 = 4√5. நூல் நான்கு பங்கு மெலிந்தால் இழை இரண்டு பங்கு கூடினால் போதும் என்பதைத் தறிக்காரர் அனுபவத்தால் அறிவார். இயற்கணிதம் அதை ஒரு வரியில் எழுதுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மில்லில் யாரும் மூலத்தைச் சுருக்கவில்லை. சுவரில் தொங்கிய முறுக்கு அட்டவணையைப் பார்த்தார்கள், மேற்பார்வையாளர் ஸ்லைடு ரூலைத் தள்ளினார், அவ்வளவுதான். தூண் செதுக்கியவரையும் கூரை போட்டவரையும் இயற்கணிதத்துக்குள் இழுப்பது இன்றைய கண்ணாடியைப் பழைய முகத்தில் மாட்டுவது என்று சொல்லலாம். மறுப்பில் பாதி நியாயம். அவர்கள் இயற்கணிதம் செய்தார்கள் என்று நானும் சொல்லவில்லை. வர்க்கமூலம் என்ற ஒரே முள்ளை அவர்களும் பாஸ்கரரும் ஹால் - நைட்டும் வெவ்வேறு கருவியால் எடுத்தார்கள் என்பதுதான் வாதம். அட்டவணையும் ஸ்லைடு ரூலும் அந்தக் கருவிகளில் சேர்ந்தவை. ஸ்லைடு ரூலைப் பாருங்கள். மேல் கோடு கீழ்க் கோட்டின் பாதி அளவில் இருமுறை வரையப்பட்டிருக்கும். மேலே நம்பர் மீது கம்பியை வைத்தால் கீழே அதன் மூலம் நிற்கும். ஸ்லைடு ரூல் வைத்திருப்பவருக்கு √40-க்கும் 2√10-க்கும் எந்த வேறுபாடும் இல்லை. சொல்லப்போனால் 2√10 ஒரு தள்ளல் கூடுதல். பள்ளி எளிது என்று சொல்லும் வடிவம் மில் மேசையில் எளிதாக இருக்கவில்லை என்பது என் வாதத்துக்கு வலு சேர்க்கவே செய்கிறது.

இன்னொரு மறுப்பு இன்றைய காலத்தைச் சேர்ந்தது. 1972-ல் மூலப் பொத்தானோடு கைக்கடக்கமான கால்குலேட்டர் வந்துவிட்டது. இன்று கைபேசியே போதும். எளிய வடிவம் கருவியைப் பொறுத்தது என்றால், கருவி போன பின் விதியை ஏன் சுமக்க வேண்டும்? பகுதியை விகிதப்படுத்துவதைப் பொறுத்தவரை என்னால் பெரிய எதிர்ப்புச் சொல்ல முடியாது. 1/√2 என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் வெட்டுவது, செத்துப்போன நீள்வகுத்தலுக்குத் திவசம் கொடுப்பதுதான். ஆனால் வர்க்கக் காரணியை வெளியே எடுப்பது வேறு வகை. √20, √45, √80 மூன்றும் ஒரே குடும்பம் என்பதைக் கால்குலேட்டர் 4.472, 6.708, 8.944 என்று காட்டி மறைத்துவிடும். 2√5, 3√5, 4√5 என்று எழுதினால்தான் நம்பர் மாறினாலும் சக்கரம் முழுப் பல்லில் உட்காரும் இடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. 3, 7 தனித்து நிற்கட்டும் என்று பாஸ்கரர் சொன்னபோதும் அவர் பிரித்தது மதிப்பை அன்று, குடும்பத்தை. மதிப்புக் காணும் சுருக்கம் பழசாகிவிட்டது. உறவு காணும் சுருக்கத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. பாடநூல் இரண்டையும் ஒரே கட்டளையின் கீழ் வைத்திருப்பதுதான் குழப்பம்.

எளிமைக்கு ஒரே அளவுகோல் இல்லை என்பதை ராமானுஜன் காட்டிய ஒரு சமன்பாடு நன்றாகவே சொல்லும். 5-இன் கனமூலத்திலிருந்து 4-இன் கனமூலத்தைக் கழித்து, வந்ததற்கு வர்க்கமூலம் எடுத்தால், அது 2-இன் கனமூலமும் 20-இன் கனமூலமும் சேர்ந்ததிலிருந்து 25-இன் கனமூலத்தைக் கழித்து மூன்றால் வகுத்ததற்குச் சமம். இரண்டும் 0.3501-ஐ ஒட்டிய எண்கள். இடப்பக்கம் எழுதக் குட்டை, ஆனால் குறிக்குள் குறி. வலப்பக்கம் நீளம், ஆனால் ஒரே அடுக்கு. எது எளிது? 1985-ல் போரடின், ஃபேகின், ஹாப்கிராஃப்ட், டாம்பா என்ற நால்வர் வர்க்கமூல அடுக்குகளைக் குறைக்கும் வழியைக் கணினிக்காக ஆராய்ந்தபோது அடுக்கு எண்ணிக்கையையே அளவாகக் கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சூசன் லாண்டவ் அதைப் பொதுவான மூலங்களுக்கு விரித்தார். நீளம் கூடுவது அவர்களுக்குப் பொருட்டில்லை, கணினிக்கு நினைவகம் மலிவு. அந்தக் கணினி மென்பொருள்களிடமே ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். 1-ஐ √2-ஆல் வகுக்கச் சொன்னால் சிம்பை √2/2 என்று விடை தருகிறது. மேத்தமேட்டிகா 1/√2 என்றே விட்டுவிடுகிறது.